வீட்டில் ஸ்லாப்பி ஜோ செய்வது எப்படி: கறி முதலில், வெங்காயம் பிறகு

அமெரிக்க வீடுகளில் வாரநாள் இரவுச் சாப்பாட்டுக்குச் சட்டென்று செய்கிற சாண்ட்விச் ஸ்லாப்பி ஜோ. மாட்டுக் கொத்துக்கறியை வறுத்து, தக்காளி சாஸில் வற்றவைத்து, உருண்டை பன்னுக்குள் அள்ளி வைப்பார்கள். இனிப்பு, புளிப்பு, கொஞ்சம் காரம் மூன்றும் சேர்ந்த சுவை. இதற்கென்றே டின்னில் அடைத்த சாஸ் கடையில் கிடைக்கிறது. அதில் இனிப்பு தூக்கல், கறியின் மணம் அடிபட்டுப் போய்விடும். சொந்தமாகச் செய்தால் 45 நிமிடம்தான். அதிலும் பாதி நேரம் அடுப்பு தானாக வேலை செய்துகொண்டிருக்கும்.

ஒஹாயோவில் எங்கள் வீட்டு அடுப்பில் இதைப் பல வருடமாகச் செய்கிறேன். மேற்படிப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வந்து கற்றுக்கொண்டு போவார்கள். பக்கத்தில் நின்று பார்த்ததில், கிட்டத்தட்ட எல்லோரும் தடுக்குவது ஒரே இடத்தில்தான். கொத்துக்கறியைக் கண்டதும் நம் கை தானாகக் கீமா செய்யப் போய்விடுகிறது. எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, அப்புறம் கறி, தண்ணீர் தெளித்து மூடி. கீமாவுக்கு அது சரியான முறை. இங்கே அந்த வரிசை தலைகீழ்: கறி முதலில், வெங்காயம் பிறகு, மூடி கிடையவே கிடையாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

1. என்னென்ன வேண்டும்

கீழே உள்ள அளவு 4 பன்னுக்கு, தாராளமாக வைத்தால். ஒரு கப் என்பது 240 மில்லி. மேசைக்கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி.

- மாட்டுக் கொத்துக்கறி: 450 கிராம் (ஒரு பவுண்டு பாக்கெட்)
- எண்ணெய்: 1 தேக்கரண்டி
- வெங்காயம்: நடுத்தர அளவில் 1
- பச்சைக் குடைமிளகாய்: பாதி
- பூண்டு: 2 பல்
- தக்காளி பேஸ்ட்: 2 மேசைக்கரண்டி
- கெட்சப்: அரை கப்
- தண்ணீர்: முக்கால் கப்
- வூஸ்டர்ஷர் சாஸ்: 1 மேசைக்கரண்டி
- மஞ்சள் கடுகு சாஸ்: 2 தேக்கரண்டி
- பிரவுன் ஷுகர்: 2 தேக்கரண்டி
- ஆப்பிள் சைடர் வினிகர்: 2 தேக்கரண்டி
- அமெரிக்க சில்லி பவுடர்: 2 தேக்கரண்டி
- உப்பு, மிளகுத்தூள்
- ஹாம்பர்கர் பன் 4, வெண்ணெய் கொஞ்சம்

பாத்திரத்தில் ஒரே ஒரு நிபந்தனை: அகலம். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள, அடி கனமான வாணலி வேண்டும். கறி பரந்து கிடந்தால்தான் வறுபடும். குறுகலான பாத்திரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து அவிந்துபோகும். ஸ்டீல் வாணலி எல்லாவற்றுக்கும் நல்லது. நன்றாகப் பழகிய இரும்பு வாணலியும் பரவாயில்லை. புது இரும்புச் சட்டியில் செய்ய வேண்டாம். தக்காளியும் வினிகரும் சேர்ந்து அதன் எண்ணெய்ப் பூச்சை அரித்துவிடும், குழம்பில் இரும்பு வாடை வரும்.

கறியை உடைக்க மரக்கரண்டி போதும். எங்கள் வீட்டில் பருப்பு மத்துதான். அதைப் பற்றி 4வது படியில் சொல்கிறேன்.

2. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கொத்துக்கறி பாக்கெட்டில் 80/20, 85/15, 93/7 என்று எண்கள் இருக்கும். முதல் எண் சதை, இரண்டாவது கொழுப்பு. உடம்புக்கு நல்லது என்று 93/7 எடுப்பவர்கள் அதிகம். அது ஸ்லாப்பி ஜோவுக்கு வறட்சியாகிவிடும். வாயில் மணல் மாதிரி நெருடும். 85/15 எடுங்கள். 80/20 என்றாலும் சரி, வறுத்த பிறகு கொழுப்பைக் கொஞ்சம் கூடுதலாக வடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு வான்கோழிக் கொத்துக்கறி நல்ல மாற்று. அமெரிக்கர்களே பல வீடுகளில் அதில்தான் செய்கிறார்கள். வெள்ளைச் சதை மட்டும் அரைத்தது வேண்டாம், தொடைக்கறியும் கலந்ததாகப் பாருங்கள். அதில் கொழுப்பு குறைவு என்பதால் எண்ணெயை ஒரு மேசைக்கரண்டியாக ஏற்றிக்கொள்ளுங்கள். ஆட்டுக் கொத்துக்கறியிலும் செய்யலாம். ஆட்டுக்கறி வாசம் இந்த இனிப்புச் சாஸோடு முழுசாக ஒட்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

சில்லி பவுடர் விஷயத்தில் ஜாக்கிரதை. அமெரிக்கக் கடையில் அந்தப் பெயரில் விற்பது வெறும் மிளகாய்த்தூள் இல்லை. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஓரிகானோ, பூண்டுத்தூள் எல்லாம் கலந்த மசாலா. செய்முறையில் 2 தேக்கரண்டி என்று பார்த்துவிட்டு, நம் மிளகாய்த்தூளில் 2 தேக்கரண்டி போட்டால் யாராலும் வாயில் வைக்க முடியாது. நம் தூள்தான் கையில் இருக்கிறது என்றால், அரை தேக்கரண்டி மிளகாய்த்தூள், முக்கால் தேக்கரண்டி சீரகத்தூள் போதும். காஷ்மீரி மிளகாய்த்தூள் என்றால் ஒரு தேக்கரண்டி வரை போகலாம். மல்லித்தூளும் கரம் மசாலாவும் வேண்டாம். அவை வந்துவிட்டால் மறுபடியும் கீமாதான்.

வூஸ்டர்ஷர் சாஸ் என்ற பெயர் பலரைப் பயமுறுத்துகிறது. அதற்குள் இருப்பது வினிகர், நெத்திலி மீன், சர்க்கரைப்பாகு, புளி. ஆமாம், நம் புளியேதான். அதனால் அது கிடைக்காதபோது 2 தேக்கரண்டி சோயா சாஸ், அரை தேக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசல், ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்தால் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்துவிடலாம். அப்போது உப்பைக் குறைக்க வேண்டும். பிரவுன் ஷுகருக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை தாராளமாகப் போடலாம்.

3. அடுப்பைப் பற்றவைக்கும் முன்

கறியைக் கழுவாதீர்கள். ஊரில் கசாப்புக் கடையிலிருந்து வந்த கறியை நாலு தண்ணீரில் அலசி, மஞ்சள் தடவி வைத்துப் பழகிய கைக்கு இது கஷ்டம்தான். ஆனால் கொத்துக்கறியின் ஒவ்வொரு இழைக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிடும். எவ்வளவு பிழிந்தாலும் முழுதாகப் போகாது. அந்த ஈரம் ஆவியாகும் வரை கறி வறுபடவே ஆரம்பிக்காது. கிருமிகள் சாவது அடுப்புச் சூட்டில்தான். கழுவினால் அவை தொட்டி முழுக்கத் தெறிக்கும்.

உறைந்த கறி என்றால் முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். நடுவில் ஐஸ் கட்டியோடு சட்டியில் போட்டால் அதுவும் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம். வறுக்கும் முன் பேப்பர் டவலால் மேலே ஒற்றி எடுங்கள்.

வெங்காயத்தையும் குடைமிளகாயையும் பொடியாக நறுக்குங்கள், துவரம் பருப்பை விடக் கொஞ்சம் பெரிதாக, கறித்துகள் அளவில். இதற்குக் காரணம் இருக்கிறது. கடிக்கும்போது பன்னிலிருந்து நீளமான வெங்காயத் துண்டு உருவிக்கொண்டு வந்தால், கூடவே பாதிக் கறியும் வந்து மடியில் விழும்.

கெட்சப், வூஸ்டர்ஷர் சாஸ், கடுகு சாஸ், பிரவுன் ஷுகர், தண்ணீர் ஐந்தையும் ஒரு கிண்ணத்தில் கலக்கி வையுங்கள். வினிகர் தனியாக இருக்கட்டும். சூடான சட்டி முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்தால், தக்காளி பேஸ்ட் கருகும் நேரம் அதுதான்.

4. கறியை வறுத்தல்

முழுச் சமையலின் உயிரும் இந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

வாணலியை மிதமான தீக்குச் சற்று மேலே வைத்து இரண்டு மூன்று நிமிடம் காயவிடுங்கள். எண்ணெய் விட்டு அது பளபளவென்று ஓடியதும் கறியைப் போடுங்கள். உதிர்த்துப் போட வேண்டாம். மூன்று நான்கு பெரிய தட்டைகளாக அழுத்திப் பரப்புங்கள், தடித்த அடை மாதிரி. அரை தேக்கரண்டி உப்பில் பாதியும் மிளகுத்தூளும் மேலே தூவுங்கள்.

இப்போது கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நான்கு நிமிடம் கிளறக் கூடாது.

காரணம் இதுதான். கறிக்குள் இருக்கும் ஈரம் முதலில் வெளியே வரும். அது சட்டியில் இருக்கும் வரை சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, கறி வேகுமே தவிர வறுபடாது. பழுப்பு நிறமும் வறுத்த மணமும் வருவதற்கு 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சும்மா விட்டுவிட்டால் சட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம் காய்ந்து அந்தச் சூட்டை எட்டும். கிளறக் கிளற ஈரமான பக்கம்தான் மாறி மாறிக் கீழே போகும். கடைசியில் சாம்பல் நிறத்தில் அவிந்த கறிதான் மிஞ்சும்.

காதால் கண்டுபிடிக்கலாம். சரியாகப் போனால் சடசடவென்று வறண்ட சத்தம் வரும். சளசளவென்று கொதிக்கிற சத்தம் கேட்டால் தண்ணீர் விட்டிருக்கிறது. அப்போது தீயைக் கூட்டி, கறியை ஓரமாக ஒதுக்கி, நடுவில் தேங்கிய நீர் வற்றும் வரை விட்டுவிடுங்கள். நீர் போனதும் சத்தம் தானாக மாறும்.

அடிப்பக்கம் நல்ல காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்ததும் தட்டைகளைத் திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம். அதன் பிறகுதான் உடைக்க வேண்டும். இங்கேதான் பருப்பு மத்து. மேலிருந்து அழுத்தி ஒரு திருகு திருகினால் கட்டிகள் ஒரே சீராக உதிரும். உடைத்த கடலைப் பருப்பு அளவு போதும். அதைவிடப் பெரிதாக விட்டால் பன்னிலிருந்து உருண்டு விழும். மாவாக மசித்துவிட்டால் குழந்தைக்கு ஊட்டுகிற கூழ் மாதிரி ஆகிவிடும். கறி பாதி வெந்திருக்கும்போதே உடைத்துவிடுங்கள். முழுதாக வெந்து இறுகிய பிறகு மத்துக்கும் மசியாது.

எங்கும் சிவப்பு தெரியாமல் போனதும் கறியை ஒரு தட்டுக்கு மாற்றுங்கள். எல்லாத் துகளும் பழுப்பாக வேண்டும் என்று தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு நன்றாக வறுபட்டிருந்தால் அந்த மணம் மொத்தத்துக்கும் வந்துவிடும். மீதி மெத்தென்று இருக்கும்.

5. கொழுப்பை வடித்தல்

வாணலியில் ஒரு மேசைக்கரண்டி கொழுப்பு மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியை வடித்துவிடுங்கள். அதிகம் விட்டால் சாஸ் மேல் எண்ணெய் மிதந்து பன் எண்ணெய் குடிக்கும். சுத்தமாக வடித்தாலும் தப்பு, வெங்காயம் வதங்க எதுவும் இருக்காது.

சிங்க்கில் ஊற்றாதீர்கள். மாட்டுக்கொழுப்பு ஆறினால் மெழுகு மாதிரி உறைந்து குழாயை அடைக்கும். காலி டின்னில் ஊற்றி, உறைந்ததும் குப்பையில் போடுங்கள்.

இந்த இடத்தில் கற்றுக்கொள்ள வந்த ஒரு தம்பி வாணலியின் அடியைப் பார்த்துப் பதறிவிட்டான். "அக்கா, அடி பிடிச்சிடுச்சு, தேய்ச்சுட்டு வந்திடறேன்" என்று அதைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டான். ஓடிப்போய் வாங்கினேன். அடியில் ஒட்டியிருக்கும் அந்தப் பழுப்புப் படலம் கருகல் இல்லை. கறியின் சாறு வறுபட்டு ஒட்டியது. சாஸுக்கு ஆழமான சுவை தருவதே அதுதான். பழுப்பாக இருக்கும் வரை பத்திரமாக வைத்திருங்கள். கறுத்துப்போய்க் கசப்பு வாடை அடித்தால் மட்டும் கழுவுங்கள்.

6. வெங்காயமும் குடைமிளகாயும்

தீயை மிதமாக்கி, நறுக்கியதைப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து வதக்குங்கள். உப்பு பட்டதும் வெங்காயம் நீர் விடும், அந்த நீரே அடியில் ஒட்டியதைக் கரைத்து எடுக்கும். மரக்கரண்டியால் சுரண்டிக்கொண்டே இருங்கள். போதவில்லை என்றால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர்.

ஆறேழு நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகி, குடைமிளகாயின் பச்சை வாடை போயிருக்கும். அதுதான் பதம். பொன்னிறம் வரை போக வேண்டாம். சாஸில் ஏற்கெனவே இனிப்பு நிறைய இருக்கிறது. வெங்காயத்தையும் நன்றாக வறுத்தால் இன்னும் இனிப்பு கூடும்.

வெங்காயத்தை ஏன் முதலிலேயே போடக் கூடாது என்று கேட்பார்கள். அது விடும் நீரில் கறி வேகும், வறுபடாது. வறுபடும் சூட்டில் வைத்தால் வெங்காயம் கருகும். இரண்டுக்கும் வேறு வேறு சூடு தேவை, அதனால்தான் தனித்தனி முறை.

பூண்டைப் பொடியாக நறுக்கிக் கடைசியில் போட்டு அரை நிமிடம் கிளறினால் போதும்.

7. தக்காளி பேஸ்டும் தூளும்

நடுவில் கொஞ்சம் இடம் ஒதுக்கித் தக்காளி பேஸ்டைப் போட்டு, ஒன்றரை நிமிடம் வதக்குங்கள். பளிச்சென்ற சிவப்பு மாறிச் செங்கல் நிறம் வரும். டின் வாடையும் போய்விடும். சில்லி பவுடரை அதன் மேல் தூவி இன்னும் அரை நிமிடம். தூளைச் சாஸில் நேராகக் கொட்டினால் பச்சையாகவே இருக்கும். நம் சமையலில் எண்ணெயில் தூளை வதக்குகிற அதே நியாயம்தான்.

பேஸ்டைத் தவிர்த்துவிட்டுக் கெட்சப்பை முக்கால் கப்பாக ஏற்றுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்கக் கெட்சப்பில் மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 4 கிராம் சர்க்கரை இருக்கிறது. அரை கப்பிலேயே 32 கிராம் வந்துவிடுகிறது. தக்காளிச் சுவை கூட வேண்டும், இனிப்பு கூடக் கூடாது என்றால் பேஸ்ட்தான் வழி.

8. சாஸில் வற்றவைத்தல்

வறுத்த கறியைத் தட்டில் ஊறியிருக்கும் சாறோடு வாணலிக்குத் திருப்பிப் போட்டு, கலக்கி வைத்த சாஸை ஊற்றுங்கள். ஒரு கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வெடிக்க வேண்டும். 15 முதல் 20 நிமிடம், திறந்தபடியே.

இந்த நேரத்தில் நீர்க்கத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். தண்ணீர் குறைவாக ஊற்றி ஐந்து நிமிடத்தில் இறக்கினாலும் கெட்டியாக வரும். ஆனால் கறி தனி, சாஸ் தனி என்று நிற்கும். மெதுவாக வற்றும்போதுதான் சாஸ் கறிக்குள் இறங்குகிறது, வறுத்து இறுகிய துகள்கள் மறுபடி மெத்தென்று ஆகின்றன.

மூடி போட்டால் ஆவி மேலே பட்டுத் தண்ணீராகத் திரும்ப விழும்; அரை மணி ஆனாலும் வற்றாது. தெறிக்கிறது என்றால் எண்ணெய் தெறிக்காமல் மூடும் சல்லடை வையுங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அடி வரைக்கும் கிளறுங்கள். வற்ற வற்ற சர்க்கரை அடியில் தங்கும், கடைசி ஐந்து நிமிடத்தில் கண்ணை எடுத்தால் பிடித்துவிடும்.

பதம் பார்க்க இரண்டு வழி. மரக்கரண்டியால் வாணலியின் நடுவில் ஒரு கோடு இழுங்கள். சாஸ் உடனே ஓடிவந்து மூடினால் இன்னும் நேரம் வேண்டும். அடி தெரிந்து, இரண்டு மூன்று நொடி கழித்து மெல்லச் சேர்ந்தால் சரியான பதம். கோடு மூடவே இல்லை என்றால் வற்றிவிட்டது, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விடுங்கள்.

இன்னொரு வழி, ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். குவியலைச் சுற்றிச் சிவப்புத் தண்ணீர் வளையம் பிரிந்து வந்தால், பன்னிலும் அதேதான் நடக்கும். புதிதாகச் செய்பவர்களை நான் இந்தத் தட்டுச் சோதனை செய்யச் சொல்வேன். கண் முன்னால் தெரியும்போது சந்தேகம் வராது.

சோளமாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்க வேண்டாம். பளபளவென்று கொழகொழப்பு வரும், சூப் குடிக்கிற மாதிரி இருக்கும்.

மாட்டுக் கொத்துக்கறிக்கு உள்சூடு 71 டிகிரி செல்சியஸ், வான்கோழிக்கு 74 டிகிரி தொட வேண்டும். இவ்வளவு நேரம் கொதித்தால் அது தாண்டியிருக்கும்.

9. கடைசியில் சுவை பார்ப்பது

அடுப்பை அணைத்த பிறகு வினிகரைச் சேர்த்துக் கிளறுங்கள். முன்பே சேர்த்தால் அதன் கூர்மை ஆவியோடு போய்விடும். கடைசியில் விழுகிற புளிப்புதான் இனிப்பைப் பிடித்து நிறுத்தும். எலுமிச்சைச் சாறும் உதவும்.

மீதி உப்பையும் இப்போதுதான் பார்க்க வேண்டும். கெட்சப், வூஸ்டர்ஷர், கடுகு சாஸ் மூன்றிலும் உப்பு உண்டு; வற்றும்போது அது கூடும். ஆரம்பத்திலேயே முழு உப்பும் போட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். சுவை பார்க்கும்போது வெறும் கறியாக நக்கிப் பார்க்காமல் ஒரு சின்ன பன் துண்டில் வைத்துப் பாருங்கள். தனியாகத் தூக்கலாகத் தெரிவது பன்னோடு சேர்ந்தால் சரியாக இருக்கும்.

இனிப்பு அதிகமானால் இன்னும் ஒரு தேக்கரண்டி வினிகரும் கொஞ்சம் கடுகு சாஸும். புளிப்பு அதிகமானால் அரை தேக்கரண்டி பிரவுன் ஷுகர். உப்பு அதிகமானால் உப்புச் சேர்க்காத தக்காளிச் சாறு கால் கப் ஊற்றி மறுபடி வற்றவையுங்கள்.

அப்புறம் ஐந்து நிமிடம் அப்படியே ஆறவிடுங்கள். சூடு தணியத் தணிய சாஸ் இன்னும் இறுகும். அந்த ஐந்து நிமிடம் பன்னுக்கு.

10. பன்னை வாட்டுதல்

இதைத் தவிர்ப்பவர்கள்தான் "பன் சொதசொதன்னு ஆயிடுச்சு" என்று சொல்கிறார்கள். பன்னைப் பிளந்து, உட்பக்கம் இரண்டிலும் மெல்லிசாக வெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் உட்பக்கம் கீழே இருக்கும்படி மிதமான தீயில் ஒன்றிரண்டு நிமிடம் வாட்டுங்கள். பொன்னிறமாக, விரலால் தட்டினால் லேசாக மொறுமொறுப்பு தெரிய வேண்டும். அந்தக் காய்ந்த பரப்பும் வெண்ணெயும் சாஸ் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும். டோஸ்டரில் போட்டால் வெளிப்பக்கமும் காய்ந்து, கடிக்கும்போது உடையும்.

உருளைக்கிழங்கு பன் இதற்கு மிகப் பொருத்தம். மென்மையாக இருந்தாலும் சட்டென்று கிழியாது. தமிழ்நாட்டு பேக்கரி பன் இனிப்பாக இருக்கும். அதில் வைப்பதாக இருந்தால் சாஸில் பிரவுன் ஷுகரை விட்டுவிடுங்கள்.

11. அடுக்கிப் பரிமாறுதல்

கீழ்ப் பன்னில் அரை கப் கறி, மேல் பன்னை வைத்து லேசாக ஒரு அழுத்து. சீஸ் வேண்டுமென்றால் கறிக்குக் கீழே வையுங்கள். அது உருகி இன்னொரு தடுப்பாக நிற்கும். வெள்ளரி ஊறுகாய் வில்லைகள் இரண்டு மேலே வைத்தால் இனிப்புக்கு நடுவில் அந்தப் புளிப்பு நன்றாகப் பொருந்தும். பக்கத்தில் உருளைக்கிழங்கு சிப்ஸ், முட்டைக்கோஸ் ஸ்லா.

சாப்பிட உட்கார்ந்த பிறகு அடுக்குங்கள். பத்து நிமிடம் முன்னால் அடுக்கி வரிசையாக வைத்தால், வாட்டியதெல்லாம் வீண்.

12. கூட்டத்துக்குச் செய்யும்போது

கறியை இரட்டிப்பாக்கினால் வறுப்பதை இரண்டு தடவையாகச் செய்யுங்கள். ஒரே தடவையில் 900 கிராம் போட்டால் சட்டி குளிர்ந்து, கறி தண்ணீர் விட்டுவிடும். சாஸ் பொருட்களை இரட்டிப்பாக்கலாம், தண்ணீரை மட்டும் ஒன்றே கால் கப்போடு நிறுத்துங்கள். வாணலியின் அகலம் அதேதான் என்பதால் நீர் ஆவியாகும் வேகம் கூடாது.

விருந்துக்கு எடுத்துப் போகிறவர்கள் ஸ்லோ குக்கரில் சூடாக வைத்திருப்பார்கள். அது சூடு காக்க மட்டுமே. பச்சைக் கறியை அதில் போட்டால் வறுபடாது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாக வற்றவைத்து மாற்றுங்கள், மூடியில் சேரும் நீர் அதைச் சரிப்படுத்தும். 60 டிகிரிக்குக் கீழே சூடு இறங்கக் கூடாது.

சைவ நண்பர்களுக்குச் சின்ன மீல் மேக்கர் குருணையில் செய்வேன். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, துணியில் கட்டி ஒட்டப் பிழிந்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பழுப்பாக வறுக்க வேண்டும். பிழிவதில் சோம்பல்பட்டால் சோயா வாடை போகாது. வூஸ்டர்ஷர் சாஸில் மீன் இருப்பதை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்குச் சோயா சாஸும் புளியும்தான்.

13. மிச்சம் இருந்தால்

இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். ஆழமான டப்பாவில் போட்டால் நடுவில் சூடு தங்கும், அகலமான டப்பாவில் பரப்பி வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். ஃப்ரீசரில் 3 மாதம் வரை சுவை மாறாது; பையில் போட்டுத் தட்டையாக அழுத்தி உறையவைத்தால் சீக்கிரம் இளகும்.

மறுநாள் சாஸ் இன்னும் நன்றாக ஊறியிருக்கும். எங்கள் வீட்டில் அதற்காகவே ஒரு பங்கு கூடுதலாகச் செய்வேன். சூடு பண்ணும்போது இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, சின்னத் தீயில் ஆவி பறக்கும் வரை கிளறுங்கள். வினிகர் ஒரு சொட்டு மறுபடி சேர்த்தால் முதல் நாள் மாதிரியே எழுந்து நிற்கும். பன்னை மட்டும் அப்போதுதான் வாட்ட வேண்டும்.